ஆறெழுத்து வராத வீடு

வாகைச்சந்தை ஊரில் புருசனும் பெண்டாட்டியும் சண்டை போட்டு, அந்தச் சண்டை ஆறி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டால் அவர்கள் தலைக்கு மேலே காற்றில் ‘தி எண்ட்’ என்று வெள்ளை இங்கிலீஷ் எழுத்து வருகிற வழக்கம் தொடங்கியது, ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, கொத்தனார் சடையாண்டி வீட்டு அடுப்படியில், கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது.

அதற்கு மூன்று வாரம் முந்திதான் படப்பெட்டிகள் வந்திருந்தன. பங்கஜா டாக்கீஸ் முதலாளி சங்கரபாண்டி கேட்டது வாள்சண்டைப் படம். மதுரையிலிருந்து பஸ் கூரையில் வந்து இறங்கியதோ பன்னிரண்டு தகரப் பெட்டி நிறைய அமெரிக்கக் குடும்பப் படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் நாற்பது வருசத்துக்கு முந்தியவை. போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, சனமும் வந்து உட்கார்ந்துவிட்டது. வெளியே தார் ரோடு உருகியது, உள்ளே நாலு ஃபேன் ஓடியது. ஓட்டுடா, வருவது வரட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

திரையில் ஒரு புருசன் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். ஒரு பெண்டாட்டி தோசைக்கு மேல் பாகு ஊற்றினாள். எந்த வீட்டுப் படுக்கையறையிலும் ரெண்டு ஒற்றைக் கட்டில், நடுவில் ஒரு விளக்கு. ஆனால் பிள்ளைகள் மட்டும் ஏழு. “ரெண்டு கட்டில் இருந்துமா ஏழு?” என்று தரை டிக்கெட்டில் ஒருவர் எழுந்து கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. அதனால் முதலாளி மறுநாள் காலை வெள்ளைச்சாமி வீட்டுக்கு நேரில் போய், அவருடைய மகள் நாகரத்தினத்தை, ஊரிலேயே பி.ஏ. இங்கிலீஷ் பாஸ் செய்த ஒரே பெண்ணை, திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் ஒரு மைக்கும் கொடுத்து அர்த்தம் சொல்ல உட்கார வைத்தார்.

நாகு எதையும் மூன்று தடவை சரிபார்க்கிற பெண். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். பரீட்சையில் தன் பெயரையே சரியாக எழுதினோமா என்று வீட்டுக்கு வந்து அழுதவள். அப்படிப்பட்டவள் மைக்கைப் பிடித்ததும், திரையில் அந்த வெள்ளைக்காரி தட்டை விட்டெறிந்து “உன்னோடு இனி ஒரு நிமிசம் வாழமாட்டேன்” என்று கத்தியபோது, யோசிக்காமல், ஊருக்கே கேட்கிற மாதிரி, “அந்தக்கா கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேங்குது” என்றாள். “நீ ஒரு பேய்” என்று புருசன் சொன்னதற்கு, “சாப்பிட்டுட்டுப் போங்கிறாரு” என்றாள்.

சனம் தலையாட்டியது. முதலாளி உருகிவிட்டார். “எங்கம்மா கத்துக்கிட்ட இதெல்லாம்?”

நாகு மைக் வயரைச் சுருட்டினாள். வீட்டில் கற்றதை வெளியில் எப்படிச் சொல்வது? அவளுடைய அப்பா வெள்ளைச்சாமியும் அம்மா பூங்காவனமும் ஒருவரோடு ஒருவர் பேசி ஒன்பது வருசம் ஆகியிருந்தது. அம்மாவின் அண்ணன் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் மூத்த மாப்பிள்ளையான அப்பாவின் பெயரை இளைய மாப்பிள்ளைக்குக் கீழே, நாலாவதாக, அச்சடித்திருந்ததை யாரோ வாசித்துக் காட்டிவிட்டார்கள். “உங்க ஆளுகளுக்கு எண்ணத் தெரியாதா?” என்று அப்பா கேட்டார். “பேரு போட்டதே பெருசு” என்று அம்மா சொன்னாள். “இனிமே இவகூட ஒரு வார்த்தை பேசினா நான் மனுசன் இல்ல” என்று அப்பா துண்டை உதறினார். “எனக்கு மட்டும் பேச ஆள் இல்லையா?” என்று அம்மா முறத்தை எடுத்தாள்.

அன்றிலிருந்து அப்பா தின்னும் சோறு முதல் அம்மா உடுத்தும் சேலை வரை எல்லாப் பேச்சும் நாகு வழியாகத்தான் போனது, வந்தது. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் பதினோரு எட்டு. அந்தப் பதினோரு எட்டுக்குள் அவள் வார்த்தைகளைக் கல் பொறுக்கி, உமி ஊதி, களைந்து கொடுப்பாள். “இதைத் தின்னா மாடு செத்துப்போகும்னு சொல்லு” என்று அப்பா சொன்னால், அடுப்படியில் அது “இன்னைக்கு வயிறு சரியில்லையாம்” என்று இறங்கும். “செத்துத் தொலையச் சொல்லு” என்று அம்மா சொன்னால், முன்னறையில் அது “ரசம் வச்சுத் தாராகளாம்” என்று போய்ச் சேரும். ஒரு சண்டை கிடையாது. வாகைச்சந்தையிலேயே அமைதியான வீடு அதுதான்.

இப்போது அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. மெட்ராஸில் ஒரு அரசாங்க ஆபீஸில் இளநிலை உதவியாளர் வேலை. ஜூன் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குள் வந்து சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பா கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “போயிட்டு வா தாயி. ஆனா எனக்கு வெந்நி வேணும்னா உங்கம்மாகிட்ட யாரு சொல்றது?” என்றார். அம்மா திருநீறு பூசிவிட்டு, “மகராசியா போ. ஆனா சோறு ஆறுதுன்னு அந்த மனுசன்கிட்ட யாரு சொல்வா?” என்றாள். நாகு ஒரு சிலேட்டு வாங்கி ஆணியில் மாட்டினாள். ரெண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்பது மாட்டிய பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் சடையாண்டி வீட்டில் எழுத்து வந்தது. சடையாண்டியும் அவர் பெண்டாட்டி குருவம்மாவும் கருவாட்டில் முள் எடுப்பது யார் வேலை என்று காலையிலிருந்து சண்டை போட்டு, அவர் சட்டியைத் தூக்க, அவள் அகப்பையைத் தூக்க, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. உடனே நாலடி சுற்றளவுக்கு வெளிச்சம் மங்கியது, எங்கிருந்தோ இருபது முப்பது வயலின் சேர்ந்து வாசித்தது, முழ நீளத்தில் ஆறு வெள்ளை எழுத்து, சினிமாவில் நடுங்குகிற மாதிரியே லேசாக நடுங்கிக்கொண்டு, இருவர் தலைக்கும் மேலே வந்து நின்றது. பத்து எண்ணுகிற வரை நின்று, பிறகு போனது.

நாகுவைக் கூட்டி வந்தார்கள். குருவம்மா கரித்துண்டால் சுவரில் வரைந்து காட்டினாள்.

“தி எண்ட்டுன்னு வந்திருக்குக்கா. முடிஞ்சதுன்னு அர்த்தம்.”

“யாரு முடிஞ்சது?”

“யாரும் இல்லக்கா. கதை முடிஞ்சது.”

“எங்க கதையா? அடி ஆத்தாடி!”

சடையாண்டி உடனே பாயை விரித்துத் தெற்கே தலைவைத்துப் படுத்து, மச்சினனுக்கு ஆள் அனுப்பச் சொல்லி, கடன் உடன் எதுவும் இல்லாத நிம்மதியோடு கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலை பசியெடுத்துக் கண்ணைத் திறந்து, மிச்சக் குழம்பு எங்கே என்று கேட்டார். சாகப்போகிற ஆளுக்கு எதற்கு என்று குருவம்மா அதைப் பூனைக்கு ஊற்றியிருந்தாள். ஒன்பது மணிக்கு அடுத்த சண்டை தொடங்கியது. பதினோரு மணிக்கு மறுபடியும் எழுத்து வந்தது. அதோடு ஊருக்குப் பயம் தெளிந்தது. முடிந்தது என்று எழுத்து சொல்வது உண்மைதான், ஆனால் அடுத்த காட்சி இருக்கிறது என்று முதலாளி விளக்கினார்.

அதன்பிறகு வீட்டுக்கு வீடு வந்தது. தேங்காய்க் கடையில் வந்தது. ரேசன் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரு ஜோடிக்கு வந்தது. பக்கத்தில் அரிசிக்குச் சாக்கு பிடித்து நின்றவர்களுக்குப் பத்து எண்ணுகிற வரை இருட்டாகிவிட்டது என்று மட்டும் புகார். ஊர் அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. எழுத்து வந்தால் கை தட்டுவது முறை என்றானது. எழுத்தைத் தொட்டால் பவுடர் மாதிரி சில்லென்று இருக்கும், விரலில் வெள்ளை ஒட்டும். அதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டால் தலைவலி போகும் என்றார்கள், சிலருக்குப் போனது. ஓலைக்குடிசை ஒன்றில் இடம் பத்தாமல் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டில் வந்துவிட, அந்தச் சமாதானத்தில் தங்களுக்கும் ரெண்டு எழுத்துப் பங்கு உண்டு என்று பக்கத்து வீட்டார் பஞ்சாயத்துக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் இங்கிலீஷில் ஐந்து எழுத்து மனப்பாடமாகத் தெரிந்தது. மீதி இருபத்தொன்று எதற்கு என்று கேட்டார்கள். தமிழய்யா மட்டும், தமிழ் வீட்டுச் சமாதானத்துக்கு ‘சுபம்’ என்றுதான் வரவேண்டும் என்று மனு எழுதினார். யாருக்கு அனுப்புவது என்று தெரியாததால் பங்கஜா டாக்கீஸ் டிக்கெட் கவுண்டரில் கொடுத்துவிட்டு ரசீது கேட்டார்.

கோபித்துக்கொண்டு தாய்வீடு வந்த பெண்ணைத் திரும்ப அனுப்ப முன்பெல்லாம் நாலு பெரிய மனுசர் வந்து உத்தரவாதம் சொல்லவேண்டும். இப்போது, “எங்க, நம்ம முன்னாடி எழுத்து வரட்டும், அப்புறம் அனுப்புறோம்” என்று மாமனார்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பொய்ச் சண்டைக்கு எழுத்து வரவே வராது. இருபது வருசமாக ஒரு சொல் தடித்துப் பேசாத போஸ்ட் மாஸ்டருக்கும் அவர் சம்சாரத்துக்கும்தான் பெரிய அவமானமாகிவிட்டது. என்ன குடும்பமோ, ஒரு எழுத்துக்கூட வரவில்லையே என்று ஊர் பேசியது. போஸ்ட் மாஸ்டர் ஒருநாள் ஏற்கெனவே விரிசல் விட்ட டம்ளராகப் பார்த்து எடுத்து, பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, தரையில் போட்டு உடைத்தார். “நல்லா உடைச்சீங்க” என்று அந்தம்மா பாராட்டினாள். ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள், அந்த டம்ளர் அவள் அம்மா கொடுத்தது என்று தெரியவந்தபோதுதான் நிஜமாகவே சண்டை வந்து, வயலினும் வந்து, போஸ்ட் மாஸ்டர் ஆனந்தத்தில் தபால் பையை மறந்து ஓடினார்.

கடைசியில் எழுத்து வராத வீடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். குழாயடியில் குருவம்மா வாய்விட்டே கேட்டாள். “ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்ற. உங்க வீட்டுக்கு ஏண்டி வரல?”

“எங்க வீட்ல சண்டையே இல்லக்கா.”

“சண்டை இல்லையா? ஒம்பது வருசமா பேசலையேடி! அதுக்குப் பேரு என்ன?”

நாகு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஜூன் ஒன்றுக்கு எட்டு நாள் இருந்தது. எழுத்து வருகிற காலத்திலாவது இவர்கள் பேசிவிட மாட்டார்களா என்று அவள் உள்ளூர நம்பியிருந்தாள். ஒரு வார்த்தை போதும். ‘வெந்நி’ என்றாவது சொன்னால் போதும்.

அந்தப் புதன்கிழமை மேட்னி ஷோவில்தான் அது நடந்தது. படம் ஓட்டுகிற மூக்கையா, நாலரை மணி பஸ்ஸில் வரும் மாமியாரை அழைக்கப் போகவேண்டும் என்பதற்காக, யாருக்கும் தெரியாது என்று நினைத்து, ஐந்தாவது ரீலை விட்டுவிட்டு ஆறாவதை மாட்டிவிட்டார். திரையில் புருசன் பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்தான், அவள் முகத்தைத் திருப்பினாள், மறு நொடி ரெண்டு பேரும் மழையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ‘தி எண்ட்’ வந்தது.

ஒரு கை தட்டவில்லை. பிறகு, தியேட்டரே எழுந்தது.

“செல்லாது! செல்லாது!”

“ஏய் மூக்கையா, சண்டைய எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?”

“சண்டை போடாம என்னத்துக்குய்யா கட்டிப்பிடிக்கிறான்? பாதி வெந்த சோத்த வடிச்ச மாதிரில்ல இருக்கு!”

முன்வரிசையில் இருந்த குருவம்மா திரும்பி நாகுவைப் பார்த்தாள். “ஏண்டி, நீ எதையும் சொல்லாம முழுங்கிட்டியா?”

நாகு பதறிப்போய் மைக்கிலேயே, “இல்லக்கா, இன்னைக்கு நான் முழுங்கல” என்றுவிட்டாள்.

“அப்ப என்னைக்கு முழுங்குன?”

ஒன்பது வருசமாக ஐந்தாவது ரீலை எடுத்து எடுத்து ஒளித்துவைத்தது யார் என்று, மைக்கைப் பிடித்தபடியே, நாகுவுக்கு விளங்கியது.

வியாழக்கிழமை காலை அப்பா தட்டின் முன் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். “ஏத்தா நாகு, இது கொழம்பா, குதிரை கழுவின தண்ணியான்னு கேளு உங்கம்மாவ” என்றார், தினமும் ஏதாவது சொல்கிற மாதிரி.

நாகு பதினோரு எட்டு நடந்தாள். “அம்மா, இது கொழம்பா, குதிரை கழுவின தண்ணியான்னு அப்பா கேக்குறாரு” என்றாள்.

அம்மாவின் கையில் அகப்பை நின்றது. “என்னது?”

“அப்படித்தாம்மா சொன்னாரு.”

“ஒம்பது வருசமா ‘கொஞ்சம் கெட்டியா வேணும்’னுதான கேட்டாரு?”

“அது நான் சொன்னதும்மா.”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப இதையும் போய்ச் சொல்லு. அவரு வாயில இருக்கிறது நாக்கா, பழைய செருப்பானு நான் கேட்டேன்னு சொல்லு. ஒரு எழுத்து குறையக்கூடாது.”

நாகு பதினோரு எட்டு நடந்தாள். ஒரு எழுத்து குறையாமல் சொன்னாள். அப்பாவுக்குக் காது சிவந்தது. அவர் சொன்னதைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள், அம்மா சொன்னதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், மூன்றாவது நடைக்கு மூச்சு வாங்கியது, ஐந்தாவது நடையில் நடுவழியில் நின்று வாயைத் திறந்தபோது, அவள் தலைக்கு மேலேயே வார்த்தை பறந்தது.

“ஏய் பூங்காவனம்!”

அப்பா எழுந்து நின்றிருந்தார். ஒன்பது வருசமாகச் சொல்லாத பெயர். ஆனால் அம்மா அசரவில்லை. இத்தனை நாள் தயாராக இருந்தவள் மாதிரி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். “என்ன ஏய்? சொல்லுங்க, காது நல்லாத்தான் கேக்குது!”

எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. ரெண்டு நிமிசத்தில் வாசலில் தெருவே கூடிவிட்டது. வேர்க்கடலை விற்பவர் வண்டியை இந்தப் பக்கம் திருப்பினார். குழம்பிலிருந்து சண்டை ரசத்துக்குப் போனது, ரசத்திலிருந்து நரைத்த மீசைக்குப் போனது, வருசம் வருசமாகப் பின்னால் நடந்து, கடைசியில் காதுகுத்துப் பத்திரிகையில் வந்து நின்றது.

“நாலாவது பேரு! மூத்த மாப்பிள்ளைக்கு நாலாவது! நீ ஒரு வார்த்தை வருத்தமா சொன்னியா?”

“சொல்லலையா? மூணாம் நாளே சொல்லி அனுப்பிச்சேனே!” என்று அம்மா கத்தினாள். “தப்பு எங்க ஆளுக மேலதான், அண்ணன்கிட்ட சண்டை போட்டுட்டு வந்துட்டேன், இந்த மனுசன் பேசாட்டி எனக்குச் சோறு இறங்கலன்னு சொல்லி அனுப்பிச்சேனே! அதுக்கு உங்கள்ட்ட இருந்து ஒரு பதில் வந்துச்சா?”

அப்பா ஒரு எட்டு முன்னால் வந்தார். “எனக்கு யாரும் சொல்லலையே.”

ரெண்டு பேரும் மெதுவாக, ஒன்றாக, நாகுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாகுவுக்கு ஞாபகம் இருந்தது. பன்னிரண்டு வயசு. அம்மா முதுகைத் தட்டி அனுப்பினாள். முன்னறையில் அப்பாவோடு மில்லில் வேலை பார்க்கிற ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியாட்களுக்கு முன்னால் ‘சோறு இறங்கலை’ என்று அம்மா சொன்னதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

“நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்” என்றாள் இப்போது, அழுதுகொண்டே. “அப்ப இருந்து எல்லாத்தையும் மாத்தித்தான் சொன்னேன்.”

வாசலில் எல்லோரும் மேலே பார்த்தார்கள். இப்போது வரும், வெளிச்சம் மங்கும் என்று கடலைக்காரர்கூடப் பொட்டலம் மடிப்பதை நிறுத்தினார். வெளிச்சம் மங்கவில்லை. மாறாக, ஒன்பது வருசத்துக்குப் பிறகு முதல்முறையாக வெள்ளைச்சாமியும் பூங்காவனமும் ஒரே பக்கம் நின்றார்கள்.

“பாத்தீங்களா உங்க மக செஞ்ச வேலைய?”

“என் மகளா? உன்னை உரிச்சுல்ல வச்சிருக்கா! பி.ஏ. வேற!”

“படிக்க வச்சதே நீங்கதான!”

“நீதான சங்கிலிய வித்துக் காலேஜுக்குப் பணம் கட்டுன!”

“போகட்டும் வேலைக்கு! ஏங்க, இவள மொதல்ல மெட்ராசுக்கு அனுப்புங்க. இங்க இருந்தா நமக்குள்ள இன்னும் என்னென்னத்த மாத்திச் சொல்லுவாளோ!”

“நானே அதத்தான் சொல்ல வந்தேன். ஒண்ணாம் தேதி வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? முந்தின நாளே ஏத்தி விடு!”

எழுத்து அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஒன்பது வருசத்துப் பாக்கிச் சண்டை மூன்று நாளில் தீருமா என்று ஊர் நியாயம் சொல்லிக்கொண்டு, ஆளாளுக்கு முக்காலி கொண்டுவந்து வாசலில் போட்டு, வேலைக்குப் போகிற நேரம் போக மற்ற நேரத்தில் உட்கார்ந்து பார்த்தது. பங்கஜா டாக்கீஸில் மேட்னி ஷோ காலியாக ஓடியது. நாகு அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் பழக்கதோசத்தில் நின்று நின்று பார்த்தாள். யாரும் அவளிடம் எதையும் கொடுக்கவில்லை. பெட்டி கட்டினாள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு பேரும் வந்தார்கள். வழி முழுக்க, கட்டிக்கொடுத்தது புளிச்சோறா இருந்திருக்கவேண்டுமா எலுமிச்சம்பழச் சோறா என்று சண்டை. மெட்ராஸ் பஸ் கிளம்புகிற நேரத்தில், எலுமிச்சம்பழம் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று அப்பா ஒப்புக்கொண்டார். அம்மா சிரித்தாள். லேசாக இருட்டியது. ஒரே ஒரு வயலின் தொடங்கியது. புளியமரத்துக்குக் கீழே முதல் எழுத்து முழுசாக வந்து, இரண்டாவது எழுத்து ஒரு கால் ஊன்றும்போது, “குடையக் குடுத்து விட்டீங்களா?” என்று அம்மா கேட்டாள். “நீ எடுத்து வச்சிருப்பேன்னு நான் நினைச்சேன்” என்று அப்பா சொன்னார். வந்த ஒன்றரை எழுத்தும் கொஞ்சம் தயங்கி நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே போனது.

பஸ் நகர்ந்தது. கையசைக்க மறந்து ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நாகு சன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “ஏம்மா, உங்கப்பா என்னமோ சொல்றாரே. பஸ்ஸ நிறுத்தவா?”

“வேணாம்ணே” என்றாள் நாகு. “அவரு அம்மாகிட்டப் பேசுறாரு.”